காமிக்ஸைக் காதுக்குக் கொண்டுபோவது: புதுவை, கடலூரில் வானொலி, பாட்காஸ்ட் பேட்டி எடுக்க முழுமையான வழிகாட்டி

காமிக்ஸ் பற்றிய ஒலிப் பேட்டிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கோட்டை விடுகின்றன. பேசுகிற இருவர் முன்னாலும் புத்தகம் விரித்துக் கிடக்கிறது. கேட்பவரிடம் அது இல்லை. "இந்த சீன்ல பாருங்க, என்ன ஒரு ஆங்கிள்!" என்று விருந்தினர் வியக்க, "ஆமா சார், செம" என்று பேட்டி எடுப்பவரும் ஒத்து ஊத, கடலூர் பேருந்தில் காதில் ஹெட்போனோடு போகிறவருக்கு எதுவும் விளங்குவதில்லை. சிறு பதிப்பாளர்களின் பேட்டிகளில் வேறு சிக்கல். "உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆர்வம், போராட்டம், நன்றி என்றே ஓடிவிடும். எத்தனை பிரதி அச்சடித்தார், எப்படி விற்றார் என்பது கடைசிவரை வெளியே வராது.

மைக் வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் சரிசெய்துவிடலாம். அதனால் கருவிகளைப் பற்றிய பகுதி இந்த வழிகாட்டியில் பின்னால்தான் வரும்.

1. வானொலியா, பாட்காஸ்டா?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாட்காஸ்டுக்கு என்று எடுத்த ஒன்றரை மணி நேரப் பேச்சை வெட்டி வானொலிக்குக் கொடுக்க முயன்றால் இரண்டுமே கெடும்.

வானொலிக்கு நேரம் கறார். அரை மணி இடம் என்றால் முகப்பிசை, அறிவிப்பு போக உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. சரியாக எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் நடுவில் வந்து சேர்வார்கள் என்பதால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை விருந்தினர் பெயரையும், எதைப் பற்றிய பேச்சு என்பதையும் திரும்பச் சொல்ல வேண்டும். பாட்காஸ்டில் அப்படிச் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

ஆகாசவாணிக்குப் பேசுபவர் அதன் ஒலிபரப்பு நெறிகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, அவதூறு, ஆபாசம், அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது எதற்கும் இடமில்லை. கார்ட்டூனிஸ்டை அழைத்துப் போகிறவர்கள் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் தொழிலே கட்சிகளை வாருவதுதான். புத்தகத்தின் விலை, கடை முகவரி, போன் எண் எல்லாம் விளம்பரக் கணக்கில் சேர்ந்து வெட்டுப்படலாம்.

கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் தங்கள் வட்டாரத்துக்காக நடத்தும் சமுதாய வானொலிகளில் உள்ளூர் விஷயத்துக்கு வரவேற்பு அதிகம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இவ்வகை நிலையங்களின் ஒலிபரப்புத் திறனுக்குப் பொதுவாக 100 வாட் உச்சவரம்பு இருப்பதால், அலை சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர்தான் போகும். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் ஒலிபரப்பாவதைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோவைத் திருகிக் கேட்க முடியாது. கடலூர் மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் வானொலிக்கென்று திட்டமிட்டு எடுத்த அதே பேச்சின் நீண்ட வடிவத்தைப் பாட்காஸ்டாகவும் வெளியிட நிலையத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

2. மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் புத்தகத்தையும் பேசித் தீர்க்க முடியாது. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, விருந்தினரின் ஒப்புதலோடு மூன்றே மூன்று பக்கங்களைத் தேர்வு செய்யுங்கள். ஓவியர் பெருமைப்படும் பக்கம் ஒன்று, அவரைப் பாடாய்ப் படுத்திய பக்கம் ஒன்று, வசனமே இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள பக்கம் ஒன்று. மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். வசனம் இருந்தால் அதை வாசித்தே ஒப்பேற்றிவிடலாம் என்ற சபலம் வரும். வசனமில்லாத பக்கத்தில் படத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எப்படிச் சொல்வது? முதலில் பக்கம் எப்படிப் பிரிந்திருக்கிறது, அடுத்து கண் எங்கே போய் நிற்கிறது, பிறகு என்ன நடக்கிறது, கடைசியாக எதை வரையாமல் விட்டிருக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு மாதிரி:

"பக்கத்தோட மேல்பாதி முழுக்க ஒரே கட்டம். கடலூர் முதுநகர் துறைமுகம், விடியக்காலை, ஒரு ஆள்கூட இல்ல. கீழ மூணு சின்னக் கட்டம். முதல் கட்டத்துல ஒரு கை கயித்த அவுக்குது. ரெண்டாவதுல கயிறு மட்டும் கிடக்கு. மூணாவது முழுக்கக் கறுப்பு, அதுக்குள்ள 'டொப்'னு ஒரு சத்தம் மட்டும் எழுதியிருக்கு."

வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. இதை நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் ஓவியரிடம் கேள்வி வர வேண்டும்: "ஆளோட முகத்தைக் காட்டவே இல்லையே, ஏன்?" இப்போது கேட்பவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார், பதில் அவருக்கும் புரியும். வருணனையை ஓவியரிடமே விட்டால் அவர் காரணத்துக்குத் தாவிவிடுவார், படம் விட்டுப்போகும். அந்த வேலை பேட்டி எடுப்பவருடையது. எழுதி வைத்து, நண்பர் ஒருவரிடம் போனில் வாசித்துக் காட்டி, அவர் ஒரு தாளில் கட்டங்களைக் கிறுக்கிக் காட்டட்டும். கட்டங்களின் எண்ணிக்கையும் இடமும் ஒத்துப்போனால் வருணனை தேறிவிட்டது.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு வேறு ஊருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில், பிரெஞ்சில் உருவான கௌபாய் கதையான லக்கி லூக்கைத் தமிழில் படித்து வளர்ந்தவரும், அதே கதையைப் பிரெஞ்சில் படித்தவரும் அடுத்தடுத்த தெருவில் இருப்பார்கள். இருவரையும் உட்காரவைத்து ஒரே கட்டத்தின் வசனத்தை இரு மொழியிலும் வாசிக்கச் சொல்லுங்கள். வசனம் எழுதும் பலூனின் அளவு மாறாது. நீளமான தமிழ்ச் சொற்களை அதற்குள் அடக்க மொழிபெயர்ப்பாளர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்பது காதிலேயே கேட்கும். உள்ளூர்க் கார்ட்டூன் வரலாறு பேச நினைப்பவர்கள் 1908 முதல் 1910 வரை பாரதி இங்கிருந்து நடத்திய 'இந்தியா' இதழின் கருத்துப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

சேகரிப்பாளர்களைப் பேட்டி எடுத்தால் ஆண்டுகளை முன்பே சரிபாருங்கள். முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972, லயன் காமிக்ஸ் 1984 என்பதில் குழப்பமில்லை. ஆனால் எந்த இதழ் எந்த மாதம் வந்தது என்பதில் நினைவு ஏமாற்றும். மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பதிப்பு என்று நம்புவதும் சகஜம். இதழைக் கொண்டுவரச் சொல்லி, பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

3. பதிப்பாளரிடம் கணக்குக் கேளுங்கள்

இந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு இன்னொருவர் தானும் ஒரு புத்தகம் போட முடிய வேண்டும். அதற்குக் கேள்விகள் அச்சகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"ஏன் 48 பக்கம்?" நல்ல தொடக்கம். புத்தக அளவில் ஒரு பாரம் (அச்சடித்து மடிக்கும் ஒரு பெரிய தாள்) என்பது பொதுவாக 16 பக்கம். 48 என்றால் மூன்று பாரம், மிச்சமில்லை. 52 பக்கம் என்றால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாக அச்சடிக்க வேண்டும், செலவு எகிறும். பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்கள் பெரும்பாலும் 48 பக்கத்தில் நிற்பதற்கும் தாள் மடிப்புதான் அடிப்படை. கதையை எங்கே சுருக்கினார், எங்கே இழுத்தார் என்ற கேள்விக்கு இதிலிருந்தே போய்விடலாம்.

அடுத்து தாள். உள்தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) உள்ள பூச்சில்லாத மேப்லித்தோவா, 100 ஜி.எஸ்.எம்.மா, வழுவழுப்பான ஆர்ட் பேப்பரா? மெல்லிய தாளில் அடர்கறுப்பு மறுபக்கம் தெரியும். கறுப்பு வெள்ளை காமிக்ஸில் இது பெரிய தலைவலி. நடுமடிப்பில் கம்பி அடிக்கும் சென்டர் பின்னா, முதுகில் பசை ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கா? சென்டர் பின்னுக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். பர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுதாக விரியாது. இரு பக்கமும் சேர்ந்த பெரிய படம் நடுவில் விழுங்கப்படும். எந்தப் படம் அப்படிப் போனது என்று கேளுங்கள், ஒவ்வொரு பதிப்பாளரிடமும் ஒரு கதை இருக்கும்.

ஆஃப்செட்டா, டிஜிட்டலா? நான்கு வண்ண ஆஃப்செட்டுக்கு வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் (அச்சுத்தகடு) போட்டாக வேண்டும். 100 பிரதி அடித்தாலும் 1000 அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. டிஜிட்டலில் பிளேட் இல்லை, ஆனால் பிரதிக்கு ஆகும் செலவு பெரிதாக இறங்காது. எத்தனை பிரதிக்கு மேல் ஆஃப்செட் கட்டுப்படியானது என்ற ஒரு எண்ணை வாங்கிவிட்டால் அதற்காகவே அந்த அத்தியாயத்தைச் சேமித்து வைப்பார்கள். கடைக்கு எத்தனை சதவீதம் கழிவு, பணம் எத்தனை மாதத்தில் வந்தது, நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் அரங்கு எடுத்தாரா அல்லது யாருடைய அரங்கிலாவது வைத்து விற்றாரா, அஞ்சலில் மூலை மடங்கித் திரும்பிவந்த பிரதிகளை என்ன செய்தார் என்பதெல்லாம் இதன் தொடர்ச்சி.

இரண்டு அலுவல் விஷயங்களைப் பலர் தவறாகச் சொல்லிவிடுகிறார்கள், கவனியுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. யாராவது "எண்ணுக்குக் காசு கட்டினேன்" என்றால் இடைத்தரகருக்குக் கொடுத்திருப்பார். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான நூலின் பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்களில் பலருக்கு இது தெரியாது. ஒலிப்பதிவில் மடக்காமல் முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பணக் கேள்வி எதையும் திடீரென்று கேட்காதீர்கள். எந்த எண்ணைப் பொதுவில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

4. அறை

புதுவையின் பழைய பிரெஞ்சு வீடுகள் படத்துக்கு அழகு, பதிவுக்குப் பகை. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், வெறும் தரை சேர்ந்தால் ஒவ்வொரு சொல்லும் எதிரொலிக்கும். அதை எடிட்டிங்கில் முழுதாக நீக்க வழியில்லை. தமிழர் பகுதி முற்றம் வைத்த வீடுகளில் எதிரொலி குறைவு, ஆனால் காக்கையும் தெருச் சத்தமும் மேலிருந்து இறங்கும். மிக நல்ல அறை எது என்றால் மெத்தை, துணி அலமாரி உள்ள சின்னப் படுக்கையறைதான். பேசுபவரின் எதிர்ச் சுவரில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, மேசைமேல் ஜமக்காளம் விரியுங்கள். கைதட்டிப் பாருங்கள், தட்டியதற்குப் பின் வால்போல எதுவும் இழுத்தால் இன்னொரு போர்வை.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். கத்திரி வெயிலில் இது கொடுமைதான். அதனால் காலை 6 முதல் 9 மணிக்குள் முடியுங்கள், அல்லது இருபது நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்திலும் மார்கழி விடியற்காலையிலும் தெருக்கோயில் ஒலிபெருக்கி எப்போது ஓயும் என்று விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரை வீடு வேண்டவே வேண்டாம்.

கடற்கரைச் சாலையிலோ தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ முழுப் பேட்டி எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காற்று மைக்கில் மோதும் இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். அலைச் சத்தம் வேண்டுமென்றால் மைக்குக்கு உரோம உறை மாட்டி இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்து, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

5. கருவியும் அளவும்

ஆளுக்கு ஒரு டைனமிக் மைக் (அருகில் பேசுவதை முதன்மையாக வாங்கும் வகை), இரண்டு மைக்கைச் செருகி லேப்டாப்போடு இணைக்கும் யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், இருவருக்கும் ஹெட்போன். இதற்குமேல் தேவையில்லை. கண்டென்சர் மைக் அருமையாகக் கேட்கும் என்று வாங்குபவர்கள் அடுத்த தெரு ஹாரனும் அருமையாகக் கேட்பதைப் பிறகுதான் கவனிப்பார்கள். அதற்கு 48 வோல்ட் மின்சாரமும் இன்டர்ஃபேஸ் தர வேண்டும். உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூக்கும். மைக்கை மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

போனில்தான் பதிய முடியும் என்றால் சட்டையில் மாட்டும் காலர் மைக் போதும். அதன் செருகு முனையில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் காலர் மைக் வேலை செய்யாமல் போனின் சொந்த மைக்கே பதிந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும். மைக்கை விரலால் தட்டிச் சோதித்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

மைக் வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர். இரு மைக்குகளுக்கு இடையே அதைப்போல மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் குரல் இரண்டிலும் விழுந்து குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். இந்தத் தலைப்புக்கே உரிய ஒரு தொல்லை: படம், பக்கம், புத்தகம், பிரதி, பதிப்பகம் என்று பேச்சு முழுக்கப் 'ப'தான். நேராக மைக்குக்குள் பேசினால் ஒவ்வொன்றும் வெடிக்கும். மைக்கை வாயின் ஓரமாகச் சாய்த்து வைத்து, பஞ்சு உறை மாட்டுங்கள்.

பதிவு அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் (சுருக்காத) கோப்பு, ஆளுக்கு ஒரு டிராக் (தனித் தடம்). ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும், வட்டில் இடம் பாருங்கள். விருந்தினர் சிரிக்கும்போதுகூட அளவுமானி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெய்ன் (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) வையுங்கள். சோதனையில் மெதுவாகப் பேசுகிறவர் பிடித்த இதழைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கத்துவார். 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். மின்தடை நேரத்தில் பழைய வகை இன்வெர்டரும் இதே இரைச்சலைக் கொடுக்கும்.

6. பதிவு நாள்

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஒப்புதல்: பெயர், வெளியிடச் சம்மதம், வெட்டித் தொகுக்கச் சம்மதம், மூன்று பக்கங்களின் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம். எல்லாம் அவர் குரலிலேயே. பிறகு அரை நிமிடம் இருவரும் வாய் திறக்காமல் இருங்கள். அறையின் அந்த வெற்று ஒலி, பின்னால் வெட்டுகளை ஒட்ட உதவும்.

அழைக்கும் முறையையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். மூத்த சேகரிப்பாளரை வெளியே 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டு மைக் முன்னால் 'ஐயா' என்றால் அவரும் இறுகிவிடுவார். எது வழக்கமோ அதுவே கடைசிவரை. விருந்தினர் கடலூர்ப் பேச்சில் 'வந்துகினு', 'சொல்லிகினு' என்றால் அப்படியே விடுங்கள்; எழுத்துத் தமிழுக்கு அவரை இழுத்தால் அடுத்த நிமிடமே மேடைப் பேச்சு தொடங்கிவிடும்.

புத்தகத்தைப் புரட்டும் சத்தம் மைக்கில் பெரிதாக விழும், ஆர்ட் பேப்பர் என்றால் இன்னும் மோசம். தேர்ந்த மூன்று பக்கங்களை நகலெடுத்துத் தனித்தனித் தாளாக மேசைத் துணிமேல் வையுங்கள். விருந்தினர் விரலால் சுட்டிக்காட்டி "இங்க பாருங்க" என்றால் உடனே நீங்கள் சொல்லிவிட வேண்டும்: "வலது ஓரம், கடைசிக் கட்டம்." இந்தப் பழக்கம் வர இரண்டு மூன்று பதிவு ஆகும்.

சிவகாசியிலோ சென்னையிலோ இருப்பவரைப் போனில் பிடித்தால், அழைப்பைப் பதியாதீர்கள். இருவரும் பேசிக்கொள்வது அழைப்பில் நடக்கட்டும். அவர் இன்னொரு போனில் தன் குரலை மட்டும் பதிந்து அனுப்பட்டும். தொடக்கத்தில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" எண்ணி இருவரும் கைதட்டினால் இரு பதிவையும் பொருத்திவிடலாம். நீண்ட பதிவில் இரண்டு கருவிகளும் மெல்ல விலகும் என்பதால் முடிவிலும் ஒரு தட்டு. கோப்பை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜ் ஒலியை நசுக்கிவிடும்.

7. எடிட்டிங்

ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், போதுமானது. முதலில் உள்ளடக்கத்தை வெட்டுங்கள், ஒலி அழகு பிறகு. திரும்பச் சொன்னவை, பாதியில் நின்றவை, பெயர் தேடித் தடுமாறியவை போகட்டும். 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் பிடுங்கினால் ஆள் மூச்சே விடாமல் பேசுவதுபோல் ஆகிவிடும். மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும். படத்தை வருணித்த இடத்துக்குப் பிறகு ஒரு நொடி இடைவெளியைத் தொடாதீர்கள், கேட்பவர் அப்போதுதான் மனதில் வரைந்து முடிப்பார்.

ஒலிக்கு: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டல், லேசான இரைச்சல் குறைப்பு (6 டெசிபலுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வரும்), 3:1 கம்ப்ரஷன் (உரத்த இடத்தை அடக்கிச் சமப்படுத்துவது). கடைசியாக ஒலிச்செறிவு: பாட்காஸ்டுக்கு ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். (ஒலிச்செறிவின் அலகு); உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. வானொலிக்கு நிலையம் கேட்கும் அளவில், எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே கொடுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். நிலையத்தின் உரிமம் உங்கள் பாட்காஸ்டுக்குச் செல்லாது. விமர்சனத்துக்காக ஓரிரு கட்டத்தின் வசனத்தை வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையை நடித்துக் காட்டுவது அதில் வராது. மொழிபெயர்ப்பு காமிக்ஸ் என்றால் தமிழ்ப் பதிப்பாளரின் அனுமதி மட்டும் போதாமலும் போகலாம், மூல உரிமை வெளிநாட்டில் இருக்கும்.

8. வெளியீடு

பேச்சுக்கு 96 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 96 கிலோபிட்) மோனோ எம்பி3 நன்றாகவே இருக்கும். ஒரு மணி நேரம் சுமார் 43 எம்.பி. முகப்புப் படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள். அனுமதி பெற்ற மூன்று பக்கங்களையும் குறிப்புப் பகுதியில் போடுங்கள், எந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எம்பி3 கோப்பில் அத்தியாயக் குறிகளோடு படத்தையும் பொதிய முடியும், ஆனால் எல்லாச் செயலிகளும் அதைக் காட்டாது. தலைப்பில் விருந்தினர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் தமிழிலேயே, அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். 'காமிக்ஸ் காதலரின் கதை' என்று வைத்தால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

விலை, கிடைக்குமிடம், அஞ்சல் செலவு ஆகியவை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பேச்சில் சேர்க்காமல் குறிப்பில் மட்டும் வையுங்கள். புத்தகம் தீர்ந்துபோனால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். வெட்டாத மூலப் பதிவை ஆண்டு, மாதம், நாள், விருந்தினர் பெயர் என்ற வரிசையில் பெயரிட்டு இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவைத்து, ஒரு பிரதியை விருந்தினருக்கும் அனுப்பிவிடுங்கள்.